கூத்துக்கு ஒரு நாள் பாடு

போன மாதம் வடபழனியில் ஒரு ஒலிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. யாராவது கூப்பிட்டால் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, நாலு குறை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வருவேன். அன்றைக்கு ஒலிக்கலவை செய்துகொண்டிருந்த இளைஞர் நல்ல காது உள்ளவர். அரசு மானியத்தில் எடுத்த ஒரு சின்னப் படத்தை முடித்துக்கொண்டிருந்தார். மானியம் பெற்ற படம் என்று டைட்டிலில் ஒரு வரி போட்டாக வேண்டும். அந்த வரியை எவ்வளவு பொடி எழுத்தில் போடலாம், எவ்வளவு சீக்கிரம் மறைய வைக்கலாம் என்று இயக்குநரோடு பேசிக்கொண்டிருந்தார். ஏன் இந்த ஒளிவு மறைவு என்று கேட்டேன்.

“வெக்கமா இருக்குது சார். ஆஸ்பத்திரில கட்டில் இல்ல, இவனுங்களுக்கு வரிப்பணத்துல படம் கேக்குதானு டிவில கிழிக்கறாங்க. அவங்க கேக்கறதும் நியாயமாத்தானே இருக்குது?” என்றார்.

கேட்பது நியாயம்தான். வெட்கப்படுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சர்வீஸ் முழுக்க வரிப்பணத்தில் படம் எடுத்தவன். அரசாங்கப் படப்பிரிவில் ஒலிப்பதிவாளனாகச் சேர்ந்து, ஒலிப்பதிவாளனாகவே ஓய்வு பெற்றவன். அந்த ஒலிக்கூடத்தில் வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கத்தவேண்டியதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தேன். கூடப் படித்தவர்கள் கோடம்பாக்கத்துக்குப் போனார்கள். எனக்கு அங்கே வாசலில் நிற்கப் பொறுமை இல்லை, வீட்டிலோ மாதச் சம்பளம் தேவைப்பட்டது. அரசாங்க வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. முதல் சில வருஷம் அமைச்சர் ரிப்பன் வெட்டும் சத்தத்தையும் கைதட்டலையும் பிடித்துக்கொண்டிருந்தேன். சபாபதி சாரின் குழுவுக்கு மாற்றிய பிறகுதான் எனக்குக் காது என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

சபாபதி சார் எங்கள் பிரிவில் இயக்குநர். ஒல்லியான உருவம், எப்போதும் அரைக்கைச் சட்டை, தோளில் சாப்பாட்டுக் கேரியர் வைத்த துணிப்பை. படம் பிடிக்கப் போகும் ஊரில் ஒரு வாழைப்பழம்கூடச் சும்மா வாங்கித் தின்ன விடமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். ஷாட் சரியில்லை என்றால் “இன்னொண்ணு எடுத்துப் பார்க்கலாமா?” என்று நம்மிடம் அனுமதி கேட்பது போலக் கேட்பார். அந்தக் கேள்விக்கு நாங்கள் பயந்த பயம் மேலதிகாரி மேஜையை அடித்துப் பேசும்போதுகூட இருந்ததில்லை.

அவருக்கென்று சில நடைமுறைகள் உண்டு. புது ஊருக்குப் போனால் முதல் நாள் காமிரா பெட்டியைத் திறக்கக் கூடாது. என்னை மட்டும் அனுப்புவார். ரிக்கார்டர் ஓடக் கூடாது, வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் கேட்டுவிட்டு வரவேண்டும். அடுத்தது ஆம்பியன்ஸ். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லாரும் அசையாமல் வாய் மூடி நிற்க, அந்த இடத்தின் சும்மா இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்வோம். படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளியை நிரப்ப அது வேண்டும். மற்றவர்கள் அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். சார் விடமாட்டார். “ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி சும்மா இருக்கும் கருணா” என்பார். மூன்றாவது நடைமுறைதான் அவருக்கு மெமோ மெமோவாக வாங்கிக் கொடுத்தது. எந்த ஊரில் எடுத்தாரோ அந்த ஊருக்குத்தான் படத்தை முதலில் காட்டவேண்டும் என்பார். வரி கட்டினவர்கள் பார்த்த பிறகு வரி வாங்கினவர்கள் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி.

இந்த லட்சணத்தோடு எங்களைப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள். எடுக்கச் சொன்னது டச்சுக் கல்லறையைப் பற்றி ஒரு சுற்றுலாப் படம். அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு நிற்கும். உள்ளே செதுக்கு வேலைப்பாட்டோடு பெரிய பெரிய பலகைக் கற்கள். காமிராக்காரர் சுற்றிச் சுற்றி எடுத்தார். எனக்குப் பிடிக்க அங்கே காக்கைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மீன் ஏலம் முடிந்து வந்த நாலைந்து பேர் மதில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு சாரிடம் வந்தார்.

“செத்த டச்சுக்காரனுக்குப் படம் புடிக்க கவர்மென்டாண்ட துட்டு கீது. உயிரோட கீறவனுக்கு முகத்துவாரம் தோண்ட மட்டும் இல்லியா சார்?”

அந்த வருஷம் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை என்றால் இறால் வராது, நண்டு வராது. வடகிழக்கு மழை வந்து வாயைத் திறந்துவிடும் வரைக்கும் ஏரியை நம்பிய ஊர்களுக்கெல்லாம் பஞ்சம்தான். எங்கள் துறையில் வேறு யாராக இருந்தாலும் அது எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். சார் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் தீப்பெட்டி வாங்கினால் அதில் வரி இருக்கிறது, சோப்பு வாங்கினால் இருக்கிறது, இந்த பிலிமில் உங்கள் துட்டும் இருக்கிறது, அதனால் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம் என்றார். கேட்டவர் சாரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பெயர் ஏகாம்பரம். ஏரிக்குள் மணல்திட்டில் இருந்த ஒரு சின்னக் குப்பத்துக்காரர். அப்படியானால் எங்கள் ஊரையும் வந்து பாருங்கள் என்று அங்கேயே கூப்பிட்டார். மறுநாள் நாங்கள் படகில் போய்விட்டோம். குப்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அங்கே பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. முகத்துவாரத்துக்குக் கிட்ட உள்ள நல்ல இடங்களில் கழி நட்டு, சுற்றிலும் வலையைச் சுவர் போல நிறுத்துவார்கள். அதற்குச் சுத்து வலை என்று பெயர். எல்லாரும் ஒரே இடத்துக்குப் பாய்ந்தால் வெட்டுக்குத்து ஆகும் என்று, எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்பதை ஊர்கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துவிடுவார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. கல்யாணமான ஆண் உள்ள வீட்டுக்குத்தான் பாடு உண்டு. சீட்டுப் போடுவதற்கு முன்னாலேயே, நல்ல இடத்தில் ஒரு நாளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அன்றைக்குப் படுவது எந்த வீட்டுக்கும் இல்லை. அதைக் கரையில் ஏலம் விட்டு, ஆடித் திருவிழாவுக்குப் பொன்னேரிப் பக்கமிருந்து கூத்து ஜமாவைக் கூட்டிவருவார்கள். அதற்குக் கூத்துப் பாடு என்று பெயர். எந்த அரசாங்கமும் சொல்லி இதைச் செய்யவில்லை. ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரி அது.

சார் இதைக் கேட்டதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். டச்சுக் கல்லறையில் தொடங்கி இந்தப் பாடு முறையில் முடிப்போம் என்றார். ஊர்த் தலைவரை நாட்டார் என்று அழைப்பார்கள். பெரியவர், எடைபோட்டுப் பேசுபவர். அவரிடம் முறைப்படி அனுமதி வாங்கினோம். இரண்டு நாளில் சீட்டுப் போட ஊர்க்கூட்டம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இதற்குள் ஊருக்கு என் வேலை வேடிக்கையாகிவிட்டிருந்தது. கண்ணை மூடி மைக்கை நீட்டி நான் ஆம்பியன்ஸ் எடுப்பதைப் பார்த்து, இந்த ஆள் சும்மா இருக்கறத கூட புடிச்சி பொட்டில போட்டுக்கறான் என்று பெண்கள் சிரித்தார்கள்.

ஊர்க்கூட்டம் அம்மன் கோயிலுக்கு முன் மணலில் நடந்தது. ஆண்கள் வட்டமாக உட்கார, பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். நான் மைக்கை ஒரு துடுப்பின் நுனியில் கட்டி வட்டத்தின் மேலே நீட்டிக்கொண்டு நின்றேன். நாட்டார் வழக்கம் போலக் கூத்துப் பாடு என்று ஒரு நாளை எடுத்து வைக்கப்போகும் நேரத்தில், பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி வட்டத்துக்கு வந்து நின்றாள். பெயர் தேசம்மா. புருஷன் முந்தின வருஷம் கடலில் போய்விட்டான். கல்யாண வயது வராத இரண்டு பிள்ளைகள். வீட்டில் பாடு பெறும் ஆண் இல்லாததால் அவள் வீடு சீட்டில் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து அதில் பிழைத்துக்கொண்டிருந்தாள். முகத்துவாரம் மூடிய பிறகு தடவினால் கையில் சேறுதான் வந்தது.

அவள் கெஞ்சவில்லை. வலை இருக்கிறது, கழி இருக்கிறது, பக்கத்துத் தோணிரேவில் என் அண்ணன் இருக்கிறார், வந்து வலை கட்டித் தருவார், இந்த வருஷம் கூத்துக்கு எடுத்து வைக்கும் நாளை என் வீட்டுக்குக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டாள். அவள் கேட்டதும் ஊர் பேசாமல் போய்விட்டது. பேச்சு அடங்கினால் ஆம்பியன்ஸ் எடுப்பது கைப்பழக்கம், நான் ரிக்கார்டரை நிறுத்தவில்லை. அலை இல்லாத ஏரித் தண்ணீர் படகின் அடியில் தட்டும் சத்தம், ஒரு கைக்குழந்தையின் சிணுங்கல், யாரோ தொண்டையைச் செருமிவிட்டுப் பேசாமல் விட்டது. என் வேலைக்காலத்தில் நான் பிடித்த சத்தங்களிலேயே அதுதான் உயர்ந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

முதலில் பேசியவர் ஏகாம்பரம். கூத்து ஜமா வந்தால் பின்பாட்டுக்கு நிற்பவர் அவர். பாதிக் கூத்து மனப்பாடம். டச்சுக்காரனுக்குப் படம் எதற்கு என்று எங்களைக் கேட்டவர் இப்போது கூத்துக்காக எழுந்தார்.

“வருசம் பூரா வயித்துக்குத்தான் ஓடறோம். வயித்துக்கு இல்லாத நாளு இந்த ஒண்ணுதான். அத்தயும் வயித்துக்கே குட்த்துட்டா நம்மளுக்கு இன்னா மிச்சம்? தேசம்மாவுக்கு வீட்டுக்கு வீடு அரிசி போடுவோம், நான் மொதல்ல போடறேன். கூத்து நாளுல கை வெக்காதீங்க.”

தேசம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு மட்டும் கூத்து புடிக்காதானா? போன வருசம் மொத வரிசைல உக்காந்து பாத்தவ நானு. வீட்டுக்கு வீடு போட்டா அது பிச்ச. பாடு குட்த்தா அது பாத்தியத. நான் பாத்தியதயதான் கேக்கறேன்.”

நான் துடுப்பை நாட்டார் பக்கம் திருப்பினேன். அவர், அரசாங்கத்து ஆள் இருக்கிறாரே, அவர் என்ன சொல்கிறார் என்று சபாபதி சாரைக் கேட்டார். இது நாங்கள் எதிர்பாராதது.

“நான் கூத்துக்குன்னா, படம் எடுக்கறவன் தன் தொழிலுக்குப் பேசறான்னு சொல்வீங்க. அந்தம்மாவுக்குன்னா, அப்ப நீ மொதல்ல உன் படத்தை நிறுத்துன்னு கேப்பீங்க” என்றார் சார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும், “ஊர் சின்னது. கையில இருக்கறது ஒரு நாள். அதனாலதான் சோறா கூத்தான்னு கேக்க வேண்டி வருது. பசிச்சவங்க கேட்டா சோறுதான். ஆனா ஏகாம்பரம் சொன்னதை யாரும் தப்புன்னு நினைக்காதீங்க” என்றார்.

நாட்டார் நாளைத் தேசம்மா வீட்டுக்குக் கொடுத்தார். அந்த ஆடியில் கூத்து இல்லை என்று ஆனது. ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பி வரும் படகில் சார் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இந்தக் குப்பத்திடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதை இரண்டாக வெட்ட முடியாது, ஆனால் நாடு முழுக்கத் தீப்பெட்டிக்குத் தீப்பெட்டி துளித்துளியாகச் சேர்வது சின்னக் குளம் இல்லை, அதில் தேசம்மாவுக்கும் இடம் இருக்கவேண்டும், ஏகாம்பரத்துக்கும் இடம் இருக்கவேண்டும் என்றார். “ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுங்கன்னு ஊரை நிக்க வைக்காம இருக்கத்தான் கருணா அரசாங்கம். அதுக்குத்தான் நாம சம்பளம் வாங்கறோம்.” நாற்பது டிவி விவாதம் கேட்டுவிட்டேன், இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

தேசம்மாவுக்குக் கிடைத்த பாடு நாளன்றும் போய் எடுத்தோம். தோணிரேவிலிருந்து அண்ணன் வந்து கழி நட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளும் வலை பிடித்தாள். பஞ்ச காலத்துக்குப் பாதகமில்லை என்று சொல்லும்படிதான் பட்டது, கொஞ்சம் இறால், கொஞ்சம் நண்டு, கொஞ்சம் மடவை மீன். மழை வரைக்கும் கஞ்சிக்கு ஆகும் என்றார் அண்ணன். அவள் முகத்தில் மட்டும் ஒரு தெளிவும் இல்லை. காரணம் அன்றைக்கே தெரிந்தது. கரையில் ஏலத்துக்கு நின்ற ஒரு பெண் இன்னொருத்தியிடம், தேசம்மாவின் காதில் விழும்படி, கூத்தைத் தின்னவ வரா பாரு என்றாள். என் ஹெட்போனிலும் அது விழுந்தது. பிறகு சின்னப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் விளையாடப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் கடைசியாகப் பெட்டி கட்டும்போது அவள் படகுத்துறைக்கு வந்தாள். கூட்டத்தில் நீங்கள் பேசியதைப் படத்தில் வைக்கலாமா என்று சார் அவளிடம் முன்பே கேட்டிருந்தார். ஊர் முன்னால் சொன்னது படத்தில் இருந்தால் என்ன என்று அப்போது சொல்லியிருந்தாள். இப்போது அவளுக்கே ஒரு கேள்வி இருந்தது.

“சார், தீப்பெட்டிக்கு நானும் வரி கட்றேன்னு சொன்னீங்களாமே. அப்டினா இந்தப் படத்துல என் துட்டும் கீது. ஆடித் திருநாளுக்கு ஊர்ல கூத்து இல்ல, என்னால. அன்னிக்கு உங்க படத்த எட்த்தாந்து இங்க போடுங்க. என் புள்ளைங்க தலை நிமிந்து நடக்கணும்.”

சார் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் படகேறினார். அவர் கும்பிட்டால் அது வாக்கு என்பது எங்களுக்குத் தெரியும், பாவம் அவளுக்குத் தெரியாது.

சென்னையில் படத்தை ஒட்டி முடித்தோம். அந்த மௌனத்தை வெட்டாமல் முழு நீளத்துக்கு வைத்தார் சார். அதன் மேல் வீணை போடலாம் என்று யாரோ சொன்னதற்கு, இன்னொண்ணு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கக்கூட இல்லை, எழுந்து வெளியே போய்விட்டார். மேலதிகாரி படத்தைப் பார்த்தார். சுற்றுலாப் படத்தில் பஞ்சம் எதற்கு, கல்லறையோடு நிறுத்து, மற்றதை வெட்டு என்றார். சார் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போடாத படத்தை வெளியே காட்ட அனுமதி கிடையாது. ஆடி நெருங்கிவிட்டது.

சார் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். படம் எடுத்த இடத்துக்கே பிரதியைக் கொண்டுபோய் ஒலியைச் சரிபார்த்துவர ஒலிப்பதிவாளருக்கு விதியில் இடம் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை, பயன்படுத்த அவசியமும் இருந்ததில்லை. பயணக் காரணம் ஒலி சரிபார்ப்பு என்று என் பெயரில் எழுதி, உதவிக்கு இயக்குநர் சபாபதி என்று தன் பெயரை எனக்குக் கீழே போட்டுக்கொண்டார். புரொஜெக்டர், ஜெனரேட்டர், பட டப்பா எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிப் பழவேற்காடு போய், அங்கிருந்து படகில் ஏற்றினோம். துறையின் திரைச்சீலை மட்டும் வேறொரு வேனோடு வேறொரு மாவட்டத்துக்குப் போயிருந்தது. பரவாயில்லை, வேட்டி கட்டிக்கொள்ளலாம் என்றார் சார்.

ஆடிக் காற்று அங்கே எப்படி அடிக்கும் என்பது சென்னையில் உட்கார்ந்து தெரிவதில்லை. நாலு வேட்டியை ஒன்றாகத் தைத்துக் கட்டினோம். கட்டிய கையோடு ஒரு பக்கம் கிழிந்து பறந்தது. ஊர் முழுக்க மணலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏகாம்பரம் மட்டும் கூட்டத்தில் சேராமல், கவிழ்த்த படகு ஒன்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜெனரேட்டரை அதன் இரைச்சல் கேட்காத தூரத்தில் மணல்மேட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து பார்த்தால், திரை இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேசம்மா எழுந்து வீட்டுக்குப் போனாள். வரும்போது அவளும் பிள்ளைகள் இருவரும் ஒரு சுருட்டைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் புருஷனுடைய படகின் பாய். அவன் போன பிறகு யாரும் விரிக்காதது. பழுப்பேறிய வெள்ளை, மூன்று இடத்தில் ஒட்டு. காற்றுக்கென்றே தைத்த துணி அது. இரண்டு பாய்மரக் கழியில் கட்டியதும் விறைப்பாக நின்றுவிட்டது. அந்தப் பாய் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

படம் ஓடியது. கல்லறை வந்தபோது பேசிச் சிரித்தார்கள். தங்கள் முகம் வந்தபோது பெயர் சொல்லிக் கூவினார்கள். தேசம்மா வட்டத்துக்குள் வந்து நின்று கேட்ட இடம் வந்தது. பிறகு அந்த மௌனம். திரையில் ஊர் பேசாமல் உட்கார்ந்திருந்தது, திரைக்கு எதிரே அதே ஊர் பேசாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் தட்டும் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்ததா ஏரியிலிருந்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஒலி சரியாக இருந்தது. பக்கத்தில் பார்த்தேன், கூத்தைத் தின்னவ என்று கரையில் சொன்ன அதே பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை பிறகு எந்த விருதுக்கும் வந்ததில்லை.

கடைசியில் சார் எங்கள் யார் பெயரையும் போடவில்லை. ‘இந்தப் படம் உங்கள் வரிப்பணத்தில் எடுக்கப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் ஒரே வரி. அது மறைந்து பாயில் வெறும் வெளிச்சம் நின்றது. நான் விளக்கை அணைக்கப் போனேன்.

“மைக்கு சார், வெளக்க அமிக்காதீங்க” என்று குரல் வந்தது. ஏகாம்பரம் படகிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராகப் பாய்க்குப் பின்னால் போனார். கூத்தில் வேஷக்காரன் வருவதற்கு முன் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், அதற்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் அவன் வெளியே வருவான். பாய்க்குப் பின்னாலிருந்து அவர் குரல் எழுந்தது. முகத்தில் அரிதாரம் இல்லை, தலையில் கிரீடம் இல்லை, தாளத்துக்கு யாரோ ஒரு அலுமினியத் தட்டை எடுத்துத் தட்டினார்கள். காற்றில் பாயின் ஒரு முனை அவிழ்ந்துகொண்டது. தேசம்மா ஓடிப்போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்ததும் அவள் பக்கமாகத்தான் அவர் வெளியே வந்தார், என் புரொஜெக்டர் வெளிச்சத்தில். அந்த ஆடியில் அங்கே கூத்து நடந்தது.

துறையில் வெட்டிய படம்தான் வெளியானது. அனுமதியில்லாமல் படம் காட்டியது ஏன் என்று சாருக்கு மெமோ வந்தது. ஒலி சரிபார்க்கப்பட்டது, சரியாக இருந்தது என்று பதில் எழுதினார். அதற்குமேல் அவர்களாலும் ஒன்றும் கேட்க முடியவில்லை. மறு வருஷம் முகத்துவாரம் நன்றாகத் திறந்து, கூத்துப் பாடு மறுபடி கூத்துக்கே போனது என்றும், ஆண் இல்லாத வீட்டுக்கும் ஒரு பாடு உண்டு என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது என்றும் பழவேற்காட்டுப் பக்கம் போனபோது கேள்விப்பட்டேன். அது படத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். தேசம்மா கேட்டதால் வந்தது.

அந்த ஒலிக்கூட இளைஞருக்கு நான் சொல்ல வந்தது திருவிழாவுக்கு மறுநாள் காலையில் நடந்தது. தேசம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பாயை மடித்துக்கொண்டிருந்தோம். படத்தின் கடைசியில் பெரிசாக என்னமோ எழுத்து வந்ததே, அது என்ன என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் வரிப்பணத்தில் எடுத்த படம் என்று போட்டிருக்கிறது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“பின்ன யார் துட்டுல எடுப்பாங்களாம்?” என்று சொல்லிவிட்டு, மடித்த பாயைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.